கால்வெஸ்டன் தீவில் வீடு: மேட்டையும் வரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்

ஹூஸ்டனிலிருந்து ஐ-45 நெடுஞ்சாலையில் தென்கிழக்கே ஏறக்குறைய 50 மைல் போனால் ஒரு நீண்ட பாலம். அதைத் தாண்டினால் கால்வெஸ்டன் தீவு. நீளம் சுமார் 27 மைல். அகலமான இடத்தில்கூட 3 மைலுக்கு மேல் இல்லை. தெற்கே மெக்சிகோ வளைகுடா, வடக்கே ஆழமில்லாத உள்விரிகுடா, நடுவே மணல். ஹூஸ்டன் வட்டாரத் தமிழர்களுக்கு இது பழகிய இடம். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்படியே கடற்கரைக்கும் போய்வருவதுண்டு. நாலைந்து வருடம் இப்படிப் போய்வந்த பிறகு, இங்கேயே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது.

அப்போது கிடைக்கும் ஆலோசனை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பிடித்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள், வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தீவு முழுக்க வரி விகிதம் ஒன்றுதானே என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, வாங்குபவரைக் கடனில் தள்ளக்கூடியது. இந்தத் தீவில் எந்தத் தெரு என்ற கேள்வியையும் எவ்வளவு வரி என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பது என் வாதம்.

முதலில் மண். 1900 செப்டம்பர் 8 அன்று வீசிய புயல் இந்த ஊரை அழித்தது. இறந்தவர்கள் குறைந்தது 6,000 பேர். அமெரிக்க வரலாற்றில் அதற்கு இணையான உயிர்ச்சேதம் எந்த இயற்கைப் பேரிடரிலும் ஏற்பட்டதில்லை. அன்று நகரத்தின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் 9 அடியைத் தொடவில்லை. பிழைத்தவர்கள் ஊரைக் கைவிடவில்லை. 1902-ல் தொடங்கி 17 அடி உயரக் கடற்சுவரைக் கட்டினார்கள். 1904-ல் முதல் 3 மைல் முடிந்தது. பிறகு கட்டம் கட்டமாக நீண்டு, 1960-களில் சுமார் 10 மைலை எட்டியது. சுவரோடு நிற்காமல் நகரத்தின் தரைமட்டத்தையே உயர்த்தினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தூர்வாரிய மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே பாய்ச்சினார்கள். அந்த வேலை 1911 வரை நடந்தது. செங்கல் கட்டடமான செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தையும் அப்படியே தூக்கினார்கள்.

வீடு வாங்குபவர் கவனிக்க வேண்டியது அந்த மணல் நிரப்பப்பட்ட விதத்தை. கடற்சுவரை ஒட்டி உயரம் அதிகம். அங்கிருந்து வடக்கே உள்விரிகுடாவை நோக்கித் தரை சரிந்துகொண்டே போகிறது. அதாவது இந்த ஊரில் கடலுக்கு அருகே இருப்பதுதான் மேடு, கடலிலிருந்து விலகிப் போனால் பள்ளம். பார்த்த மாத்திரத்தில் இது பிடிபடாது. 2008 செப்டம்பர் 13 அதிகாலையில் கரையேறிய ஐக் புயல் இதை எல்லாருக்கும் புரியவைத்தது. கடற்சுவர் வளைகுடாவின் அலைகளைத் தாங்கிக்கொண்டது. ஆனால் தண்ணீர் உள்விரிகுடா வழியாகக் கொல்லைப்புறமாக நகருக்குள் ஏறியது. நகரின் குறுக்கே ஓடும் பிராட்வே சாலைக்கு வடக்கே இருந்த பகுதிகள்தான் மிக மோசமாக மூழ்கின. ஸ்ட்ராண்ட் கடைத்தெருவில் நடந்தால், ஐக் வெள்ளம் எட்டிய மட்டத்தைக் குறிக்கும் தகடுகளைச் சுவர்களில் காணலாம். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் அந்தத் தகட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுத் தரகரிடம் பேசப் போவது நல்லது. கிழக்குப் பகுதித் தெருக்களில் உப்புநீரில் பட்டுப்போன ஓக் மரங்களை வெட்டி எறியாமல், அடிமரத்தில் மீனும் நாரையும் தேவதையுமாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒவ்வொன்றும் அந்தத் தெருவில் உப்புநீர் நின்றதற்குச் சாட்சி.

இனி வரி. தமிழ்நாட்டில் வீடு வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கேதான் கணக்கு தப்புகிறது. நம் ஊரில் அரசு பெரும்பணத்தை வாங்கும் நாளிலேயே எடுத்துக்கொள்கிறது. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து மதிப்பில் 9 சதவீதம் அளவுக்குப் போய்விடும். பிறகு மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்துவரி, வீட்டின் சந்தை விலையோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. டெக்சஸில் எல்லாம் தலைகீழ். அங்கே முத்திரைத்தீர்வை கிடையாது, மாநில வருமான வரியும் கிடையாது. அதனால் பள்ளிக்கூடம், கவுண்டி, நகராட்சி எல்லாமே பெரிதும் சொத்துவரியை நம்பித்தான் நடக்கின்றன. அந்த வரியும் சந்தை மதிப்பின் மேல், ஆண்டுதோறும்.

கால்வெஸ்டன் நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு வரும் ரசீதில் பல வரிசைகள் இருக்கும்: கால்வெஸ்டன் கவுண்டி, நகராட்சி, கால்வெஸ்டன் பள்ளி மாவட்டம், கால்வெஸ்டன் கல்லூரி மாவட்டம், கப்பல்வழி மாவட்டம். நகர எல்லைக்குள் இவை மாறுவதில்லை. விகிதம் ஒன்றுதான் என்ற பேச்சு உண்மையாக இருப்பது இந்த அளவுக்கு மட்டுமே. தீவின் மேற்கே உள்ள ஜமைக்கா பீச் தனி நகராட்சி என்பதால் அதற்கு வேறு விகிதம். சில புதிய மனைப்பிரிவுகளில் தண்ணீர், சாக்கடை வசதிக்காக அமைத்த எம்.யூ.டி. என்ற மாவட்டத்தின் வரி தனியாகச் சேரும். குடியிருப்போர் சங்கக் கட்டணம் அதற்கும் மேலே.

விகிதத்தைவிட முக்கியமானது, அது எந்த மதிப்பின் மேல் விதிக்கப்படுகிறது என்பது. ஜனவரி 1 நிலவரப்படி வீட்டின் சந்தை மதிப்பைக் கால்வெஸ்டன் மத்திய மதிப்பீட்டு மாவட்டம் நிர்ணயிக்கிறது. அந்த வீடு உரிமையாளரின் நிரந்தரக் குடியிருப்பாக இருந்தால் ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. அதன்படி பள்ளி வரிக்கான மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் 60,000 டாலர் கழிவதோடு, அவர்களுடைய பள்ளி வரித் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. 2025 நவம்பரில் நடந்த மாநில வாக்கெடுப்புக்குப் பிறகான அளவுகள் இவை. நகராட்சியும் கவுண்டியும் விரும்பினால் 20 சதவீதம் வரை தம் பங்குக்குக் கழித்துத் தரலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய சலுகை வேறொன்று: சந்தை எவ்வளவு ஏறினாலும் ஹோம்ஸ்டெட் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது.

அந்த 10 சதவீத வரம்பு வீட்டோடு ஒட்டியதில்லை, உரிமையாளரோடு ஒட்டியது. வீடு கைமாறிய மறு ஆண்டு ஜனவரி 1 அன்று அது விழுந்துவிடும். விற்பனை விளம்பரத்தில் சென்ற ஆண்டு வரி என்று போட்டிருக்கும் தொகை, விற்பவரின் வயதுக்கும் அவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகளுக்கும் உரிய தொகை. வாங்குபவருக்கு அது பொருந்தாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக மொத்த விகிதம் 1.7 சதவீதம், அதில் பள்ளியின் பங்கு 0.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நகராட்சி, கவுண்டிக் கழிவுகளை விட்டுவிடுவோம். வீட்டின் சந்தை மதிப்பு 5,00,000 டாலர். விற்பவர் 70 வயதுப் பெண்மணி, நீண்ட காலமாக அங்கேயே குடியிருப்பவர். 10 சதவீத வரம்பால் அவருடைய வரி மதிப்பு 3,40,000 டாலரில் நிற்கிறது. பள்ளிக்கு 2,00,000 கழித்து மீதி 1,40,000-க்கு 1,120 டாலர். மற்ற அமைப்புகளுக்கு 3,060. ஆக 4,180 டாலர். அதே வீட்டை ஹூஸ்டன் குடும்பம் ஒன்று வார இறுதி வீடாக வாங்கினால் கழிவு எதுவும் இல்லை. 5,00,000-க்கு 1.7 சதவீதம், 8,500 டாலர். அங்கேயே குடியேறி ஹோம்ஸ்டெட் பெற்றாலும் 7,380. சுவர், கூரை, தெரு எதுவும் மாறவில்லை. வார இறுதிக் குடும்பத்துக்கு வரி மட்டும் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. வங்கிக் கடனில் வாங்கியவருக்கு இந்த அதிர்ச்சி ஒரு வருடம் தாமதமாக வரும். வரிக்காக வங்கி மாதாமாதம் எஸ்க்ரோ கணக்கில் பிடிக்கும் தொகையைப் பெரும்பாலும் பழைய வரியை வைத்துக் கணக்கிட்டிருக்கும்; புதிய ரசீது வந்ததும் பற்றாக்குறையையும் சேர்த்து மாதத் தவணை எகிறும்.

இரண்டாம் வீட்டுக்கு 2023-ல் ஒரு தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தார்கள். ஹோம்ஸ்டெட் அல்லாத, சுமார் 50 லட்சம் டாலருக்குள் மதிப்புள்ள சொத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் என்ற வரம்பு அது. சட்டப்படி 2026 வரிஆண்டோடு முடிகிறது. அதை நம்பிப் பத்து வருடக் கணக்குப் போட முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணவர் பெயரில் ஹூஸ்டன் வீட்டுக்கு ஒரு ஹோம்ஸ்டெட், மனைவி பெயரில் கடற்கரை வீட்டுக்கு இன்னொன்று என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹோம்ஸ்டெட்தான். தவறாகப் பெற்றது தெரியவந்தால் ஐந்து ஆண்டுவரை பின்னோக்கி வசூலிப்பார்கள்.

இந்த அளவுகோல்களோடு தீவின் பகுதிகளை எடைபோடலாம்.

கிழக்குப் பகுதியின் பழைய தெருக்கள் மனத்தை இழுப்பவை. ஈஸ்ட் எண்ட் வரலாற்று மாவட்டம் தேசிய வரலாற்றுச் சின்னம். 19-ஆம் நூற்றாண்டின் மரவீடுகள், உயர்ந்த திண்ணைகள், இரட்டை மாடித் தாழ்வாரங்கள். நடக்கும் தூரத்தில் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் இருப்பதால் வாடகைக்கும் விற்பனைக்கும் ஆள் குறைவதில்லை. 1900-ஐயும் 2008-ஐயும் தாண்டி நிற்கும் வீடு என்ற பெருமையும் சும்மா வந்ததில்லை. குறையும் உண்டு. வெளிப்புறத்தில் ஜன்னல் மாற்றுவதற்குக்கூட நகரின் அடையாளச் சின்ன ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பழைய மரவீட்டுக்குப் புயற்காற்றுக் காப்பீடு எளிதாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் கடலோரத்தில் காற்றுச் சேதத்துக்குக் காப்பீடு தருவதைத் தவிர்ப்பதால், கடைசிப் புகலிடம் டெக்சஸ் புயற்காற்றுக் காப்பீட்டுச் சங்கம். கட்டடம் விதிப்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழை அது கேட்கும். பழைய வீட்டில் எந்தப் பழுதுவேலைக்குச் சான்று வாங்கியிருக்கிறார்கள், எதற்கு வாங்கவில்லை என்பதை விலை பேசும் முன்பே பார்க்க வேண்டும்.

மேற்குப் பகுதி வேறு உலகம். கடற்சுவர் முடிந்த பிறகு வரும் பைரேட்ஸ் பீச், பெர்முடா பீச், சீ ஐல், டெராமார் போன்ற இடங்களில் இருப்பவை கம்பங்களின் மேல் தூக்கிக் கட்டிய புதிய வீடுகள். விளம்பரப் படங்களில் வருபவை இவைதான். உயரமாகக் கட்டியதால் வெள்ளத்துக்குப் பயமில்லை என்பது வழக்கமான வாதம். வெள்ளத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே அடிமண்ணே அரிக்கப்படுகிறது. 1959-ன் திறந்த கடற்கரைச் சட்டப்படி செடிகொடிகள் தொடங்கும் தாவரக் கோடு வரையிலான கடற்கரையில் பொதுமக்களுக்குப் புழங்கும் உரிமை உண்டு. 2009-ல் அது மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. புயல் அந்தக் கோட்டை நகர்த்தினால் என்ன ஆகும்? 1983-ல் அலிசியா புயலுக்குப் பிறகு, நேற்றுவரை மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகள் மறுநாள் கடற்கரையின் மேலேயே நின்றன. 2012-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், திடீரென்று கோடு நகரும்போது பொது உரிமையும் கூடவே தனியார் நிலத்துக்குள் நகர்ந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. நில உரிமையாளர்கள் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். எனக்கு அது அரைப் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. மெல்ல மெல்ல நடக்கும் அரிப்புக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஓதநீர் நனைக்கும் மணல் எப்படியும் அரசுக்குச் சொந்தம். இதையெல்லாம் எச்சரிக்கும் அறிவிப்பை விற்பனை ஒப்பந்தத்தோடு தர வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திடுபவர்கள் நிறைய.

வரியும் இங்கேதான் கடிக்கிறது. முன்வரிசைக் கடற்கரை வீட்டின் மதிப்பில் காட்சிக்கே பெரும்பங்கு. அந்தக் காட்சிக்கு ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும், கட்டுபவர் பெரும்பாலும் இரண்டாம் வீட்டுக்காரர் என்பதால் கழிவும் இல்லை. விலை உயர்ந்தால் வரி உடனே தொடரும். கடல் நெருங்கினால் மதிப்பு தானாகக் குறைந்துவிடாது. உரிமையாளர்தான் போய் முறையிட வேண்டும். புயலில் வீடு சேதமானால் தற்காலிக வரிக்கழிவு உண்டு, ஆனால் அதற்கும் பேரிடர் அறிவிப்பு வந்த 105 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாடகை வரும், அது வரியைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். மேற்குப் பகுதியின் விற்பனை ஏறக்குறைய முழுவதும் இந்த வாக்கியத்தின் மேல் நடக்கிறது. குறுகிய கால வாடகைக்கு நகரத்தில் பதிவு வேண்டும். வாடகையின் மேல் மாநிலத்துக்கு 6, நகரத்துக்கு 9, ஆக 15 சதவீதம் விடுதி வரி வசூலித்துக் கட்ட வேண்டும். சில குடியிருப்புச் சங்கங்கள் இத்தகைய வாடகையைக் கட்டுப்படுத்துகின்றன. அதைவிட அடிப்படையான சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. வாடகை குவிவது கோடையில். புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. சம்பாதிக்கும் மாதங்களும் இழக்கும் மாதங்களும் ஒன்றுதான். ஒரு புயல் வந்தால் வருமானம் நின்றுவிடும், வரி நிற்காது. ஜனவரி 31-க்குள் கட்டாவிட்டால் பிப்ரவரியிலேயே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் ஏறும்.

கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் நடுவே, விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. பிராட்வேக்குத் தெற்கே, கடற்சுவருக்குப் பின்னால் உள்ள தெருக்கள். டென்வர் கோர்ட், லாஸ்கர் பார்க் போன்ற குடியிருப்புகளும் அவற்றைச் சுற்றிய சாதாரண வீடுகளும். 1900-க்குப் பின் மக்கள் உழைத்து உயர்த்திய மேடு இதுதான். கடல் நடக்கும் தூரத்தில்; வீட்டு ஜன்னலில் தெரியாது, அதனால் காட்சிக்கான வரியும் இல்லை. அடித்தூண்களின் மேல் இரண்டு மூன்றடி உயர்ந்து நிற்கும் மரவீடுகள் இங்கே கிடைக்கின்றன. இதற்கும் குறை இல்லாமல் இல்லை. 2008-ல் இங்கேயும் பல தெருக்களில் தண்ணீர் நுழைந்தது. கனமழைக்குச் சில சந்திப்புகளில் தேங்குகிறது. மதிப்பு வேகமாக ஏறி லாபம் தரும் என்ற உறுதியும் இல்லை. தெருவுக்குத் தெரு உயரம் மாறுவதால் பகுதியின் பெயரை நம்பாமல் அந்த வீட்டுக்கான உயரச் சான்றிதழையே கேட்டு வாங்க வேண்டும். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான் தரும் என்பதால், அதற்குள் திரும்பக் கட்டக்கூடிய சிறிய வீட்டுக்கு இங்கே கூடுதல் பலம்.

எதிர்காலத்தையும் எடையில் சேர்க்க வேண்டும். ஐக் டைக் என்று பேசப்படும் கடலோரத் தடுப்புத் திட்டத்துக்கு 2022 டிசம்பரில் நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது. தொடக்க மதிப்பீடு 3,400 கோடி டாலருக்கும் மேல். நகரின் விரிகுடாப் பக்கத்தைச் சுற்றி ஒரு வளையத் தடுப்பும் அதில் அடக்கம். மேற்குப் பகுதிக்கு அந்தத் திட்டம் தருவது மணல்மேடுகள்தான், சுவர் இல்லை. கட்டுமானத்துக்கான பெரும்பணம் ஒதுக்கப்படவில்லை. உள்ளூர்ப் பங்கைத் திரட்ட அமைத்த வளைகுடாக் கரைப் பாதுகாப்பு மாவட்டத்துக்கு, வாக்காளர் ஒப்புதலோடு சொத்துவரி விதிக்கும் அதிகாரம் உண்டு. ஆகவே பாதுகாப்பு வந்தால் ரசீதில் இன்னொரு வரிசையும் வரலாம்.

கடற்கரை வீடுகள் விலை ஏறுவதால் உள்ளூர்ப் பள்ளிகள் கொழிக்கும் என்ற எண்ணமும் சரியில்லை. சொத்து மதிப்பு மிகுந்த பள்ளி மாவட்டங்கள் வரியில் ஒரு பங்கை மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியின் கீழ் கால்வெஸ்டன் பள்ளி மாவட்டம் பெருந்தொகையை அனுப்பிவருகிறது. அந்தப் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். வெளியூர்க்காரர்கள் கூட்டிய விலைக்கு அங்கேயே வேலை செய்து அங்கேயே வாழும் செவிலியரும் துறைமுகத் தொழிலாளியும் வரி கட்டுகிறார்கள், வாடகைக்கு இருப்பவர்கள் வாடகை வழியாக. வார இறுதி வீட்டுக்குக் கழிவு இல்லாதது எனக்கு நியாயமாகவே படுகிறது.

முடிவாக என் தீர்ப்பு. தீவிலேயே குடியிருக்கப் போகிறவர்கள் பிராட்வேக்குத் தெற்கே கடற்சுவருக்குப் பின்னால், உயரச் சான்றிதழ் உள்ள வீட்டை வாங்குங்கள். குடியேறியதும் ஹோம்ஸ்டெட்டுக்கு விண்ணப்பியுங்கள். பழமையில் பற்றும் பழுதுபார்க்கப் பணமும் இருந்தால் கிழக்குப் பகுதியும் தகும். வார இறுதிக்கு வாங்குபவர்களுக்கும் முதல் தேர்வு கடற்சுவருக்குப் பின்னால் ஒரு சிறிய வீடுதான். மேற்குப் பகுதி கட்டாயம் வேண்டுமென்றால் முன்வரிசையை விட்டு உள்வரிசைக்குப் போங்கள். வாடகை ஒரு டாலர்கூட வராவிட்டாலும் வரியும் காப்பீடும் கட்ட முடிந்தால் மட்டுமே வாங்குங்கள். முன்வரிசைக் கடற்கரை வீட்டைக் கடன் வாங்கி, வாடகையை நம்பி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தப் பகுதியானாலும் முன்பணம் கொடுக்கும் முன் மதிப்பீட்டு மாவட்டத்தின் பதிவில் அந்த வீட்டைத் தேடுங்கள். சந்தை மதிப்பு ஓர் இடத்தில் இருக்கும், வரி மதிப்பு இன்னோர் இடத்தில் இருக்கும், விற்பவருக்கு உள்ள விலக்குகள் பக்கத்தில் இருக்கும். நீங்கள் கொடுக்கப்போகும் விலையை அந்த ஆண்டின் மொத்த விகிதத்தால் பெருக்குங்கள். கழிவு எதுவும் இல்லையென்றால், ஏறக்குறைய அதுதான் உங்கள் வரி. டெக்சஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் மதிப்பீட்டு மாவட்டம் பல நேரம் ஊகித்தே மதிப்புப் போடுகிறது. நீங்கள் கொடுத்த விலையைவிட அது அதிகமாக இருந்தால், கிரய முடிவுக் கணக்கை எடுத்துக்கொண்டு மே 15-க்குள், அல்லது அறிவிப்பு வந்த 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் மறுஆய்வு வாரியத்தில் முறையிடுங்கள்.